தீயில் நின்ற விண்கல்

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு பெரிய விண்கல் இருக்கிறது. இரும்பும் நிக்கலும் கலந்த அதன் எடை 5 டன்னுக்கும் அதிகம். 1784ஆம் ஆண்டில் பாகியாப் பகுதியில் மாடு தேடிச் சென்ற ஒரு சிறுவன் அதைக் கண்டான். மறு ஆண்டு அதை வண்டியிலேற்றி மாடுகள் பூட்டி இழுத்தனர். வண்டி சரிவில் கட்டுமீறி ஓடி, பெண்டெகோ என்னும் ஓடையில் கல்லைத் தள்ளிவிட்டது! நூறாண்டுக்குமேல் அங்கேயே கிடந்து, 1888இல்தான் அது ரியோ வந்து சேர்ந்தது. ஓடையின் பெயரே கல்லுக்கும் நிலைத்தது.

நெப்போலியனின் படையெடுப்பால் கடல் கடந்து வந்து, ரியோவிலிருந்து அரசாண்ட போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜான் 1818இல் இந்த அருங்காட்சியகத்தை நிறுவினார். 1892இல் அது பழைய அரண்மனைக்கு மாறியது. எகிப்திய மம்மிகள் முதல் பூச்சி வகைகள் வரை சுமார் 2 கோடிப் பொருள்கள் அதில் சேர்ந்தன.

2018 செப்டம்பர் 2, ஞாயிறு மாலை. பார்வையாளர் வெளியேறிக் கதவடைத்தபின் தீப்பிடித்தது. குளிர்சாதனக் கருவி ஒன்றில் அது தொடங்கியதெனப் பின்னர் விசாரணையில் தெரிந்தது. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய நீரில்லை. தாவரத் தொகுப்பும் நூலகமும் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பின. அரண்மனைக்குள் இருந்தவற்றில் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

பெண்டெகோ நின்றது. அதில் வியப்பில்லை. இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கட்டடத் தீ அந்த அளவை எட்டுவது அரிது. வியப்பளித்தது ‘லூசியா’. ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணின் மண்டையோடு அது. அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய மனித எச்சங்களுள் ஒன்று. பசை உருகித் துண்டு துண்டாயினும், அதன் பெரும்பகுதியை இடிபாடுகளுக்குள் சலித்துத் தேடி மீட்டனர்.

மீளாதவை குரல்கள். பேசுவோர் எவரும் மிஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அங்கே எரிந்தன. எலும்பைத் துண்டுகளிலிருந்து ஒட்டலாம். ஒலிநாடாவின் சாம்பலை என்ன செய்வது? பேசியவரும் இல்லை, மறுபடி பதிவு செய்ய வழியும் இல்லை.

இழந்த தொகுப்பைப் புதுப்பிக்க வந்தவற்றுள் ஒன்று, செந்நிற அரிவாள்மூக்கன் பறவையின் ஆயிரக்கணக்கான இறகுகளால் ஆன ஒரு மேலங்கி. பிரேசிலின் துபினம்பா மக்கள் செய்தது. 300 ஆண்டுகளுக்குமேல் டென்மார்க்கில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் சாவோ பவுலோ நகருக்குக் கண்காட்சிக்காக வந்தபோதே துபினம்பா மக்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். அப்போது அது டென்மார்க்குக்கே போயிற்று. பிரேசில் வந்து சேர்ந்தது 2024இல்.