லேப்டாப்புக்கு வந்த லெட்ஜர்

நம் குடியிருப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒரு முழு சினிமாவைப் போனிலிருந்து போனுக்கு நொடியில் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வங்கிக் கிளையின் சேமிப்புக் கணக்குகளை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கதையைச் செய்திமடலுக்கு எழுதும்படி செயலாளர் கேட்டார்.

நான் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் பேரேடுதான். 1983-ல் கம்ப்யூட்டர் குறித்து வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, கிளைகளில் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. 'மெஷின் வந்தால் நம் நாற்காலி போய்விடும்' என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

1990-களின் நடுவில் பல்லடம் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்த கணக்குகளைப் புதியதற்கு மாற்ற, கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளைஞர் லேப்டாப்புடன் வந்தார். பழையதில் ஐந்தேகால் அங்குல ப்ளாப்பிதான் போகும். லேப்டாப்பில் மூன்றரை அங்குலம். ஒன்றில் எழுதியது மற்றதில் நுழையாது. இரண்டிலும் பொதுவாக இருந்தது பின்பக்கத்து சீரியல் போர்ட் மட்டுமே.

சீரியல் போர்ட்டுக்கான ஆர்.எஸ்.232 என்ற தரம் அமெரிக்காவில் 1960-ல் வந்தது. எழுத்துகள் பிட் பிட்டாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைக்கும் கேபிளில் ஒயர்களை மாற்றிப் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அனுப்பும் முனை அந்தப் பக்கம் வாங்கும் முனையில் சேர வேண்டும். வழக்கமான 9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள்தான் போகும். ஒரு மூன்றரை அங்குல ப்ளாப்பி நிறையும் அளவு அனுப்ப 25 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அவர் முதலில் சாதாரண காப்பி கட்டளையில் அனுப்பினார். "சார், ஃபைல் வந்திருச்சுங்க" என்றார்.

"வந்தது சரிங்க தம்பி, டேலி ஆகோணுமில்ல?" என்றேன்.

கூட்டிப் பார்த்தால் ரூ.11,160 குறைந்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கலாம் என்பது கணக்கர்களின் பழைய பாடம். வகுத்தால் 1,240 வந்தது. லேப்டாப்பில் 1,240 பேலன்ஸ் உள்ள கணக்கைத் தேடி, பழைய பிரிண்ட் தாளோடு பார்த்தோம். ரூ.12,400 இருக்க வேண்டிய கணக்கு. வழியில் ஒரு பூஜ்யம் தவறியிருந்தது. அது தறி ஓட்டும் ஒரு அம்மாவின் சேமிப்பு. அந்த அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது.

பிறகு கெர்மிட் என்ற புரோகிராமைப் போட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் எழுதியது, பெயர் ஒரு பொம்மைத் தவளையுடையது. அது ஃபைலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்துகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பும். வாங்கும் பக்கம் தானும் கூட்டிப் பார்க்கும். ஒத்துவந்தால் 'சரி' சொல்லும், இல்லையென்றால் 'திரும்ப அனுப்பு' என்று கேட்கும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் டிக் அடித்து, பக்க மொத்தம் பார்க்கிற எங்கள் வேலையேதான் இது! இரவு எட்டு மணிக்கு மொத்தம் பைசா சுத்தமாக நின்றது. மெஷின் மேல் இருந்த பயம் எனக்கு அன்றோடு போயிற்று. வேகம் அதனுடையது, ஒப்புப் பார்க்கும் பழக்கம் நம்முடையது என்று புரிந்தது.

அடுத்த மாதம் நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு பழைய பொருளாளர் லேப்டாப்பிலிருந்து புதியவருக்குப் பென் டிரைவில் போகிறது. ஃபைல் திறந்தால் மட்டும் போதாதுங்க. வீடுகளின் எண்ணிக்கை, நிலுவை மொத்தம், வங்கி இருப்பு மூன்றையும் இருபுறமும் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். கூப்பிட்டால் நானும் வந்து டிக் அடிக்கிறேன்.