ஒரு ஓட்டு கம்மி

கோடிங்ல ‘ஆஃப் பை ஒன்’னு ஒரு பக் உண்டு. லூப் ஒரு தடவை கூடுதலா ஓடும், இல்ல ஒரு தடவை கம்மியா ஓடும். பொதுவா இதனால ஒரு ரிப்போர்ட்ல கடைசி வரி காணாமப் போகும். 1999 ஏப்ரல் 17ஆம் தேதி டெல்லியில ஒரு கவர்மெண்டே காணாமப் போச்சு. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

அந்த சீசன் எப்படின்னா, 1996 மே மாசத்துல ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துக்குள்ள வாஜ்பாய், தேவ கவுடா, குஜ்ரால், திரும்ப வாஜ்பாய். முதல் ரவுண்டுல வாஜ்பாய் இருந்தது 13 நாள். புதுசா வேலைக்குச் சேர்ந்தவனுக்கு லேப்டாப் கைக்கு வர்றதுக்கே அதைவிட ஜாஸ்தி ஆகும்.

1998ல அவர் திரும்ப வந்தப்போ கூட்டணியில அதிமுகவுக்கு 18 எம்.பி. ஆதரவுக் கடிதம் கொடுக்கவே ஜெயலலிதா டெல்லியை நகம் கடிக்க வெச்சாங்க. அப்புறம் திமுக ஆட்சியைக் கலைக்கணும்னு நெருக்கடி. கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை நீக்கினதும், அவரைத் திரும்ப எடுங்க, பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மாத்துங்கன்னு இன்னொண்ணு. நடுவுல சுப்பிரமணியன் சுவாமி ஒரு டீ பார்ட்டி வெச்சார். சோனியாவும் ஜெயலலிதாவும் வந்தாங்க. இந்திய வரலாற்றிலேயே காஸ்ட்லியான டீ அதுதான்னு நான் நினைக்கிறேன். ஏப்ரல் மாசம் அதிமுக ஆதரவு வாபஸ்.

இதுல செம ட்விஸ்ட், எந்த திமுகவைக் கலைக்கச் சொன்னாங்களோ, அதே திமுகவோட 6 எம்.பி.க்கள் வாஜ்பாய்க்கு ஓட்டுப் போட்டாங்க! ஓட்டெடுப்புல கலந்துக்க மாட்டாங்கன்னு நம்பியிருந்த மாயாவதி கட்சி, கடைசி நேரத்துல எதிர்த்து ஓட்டுப் போட்டுச்சு.

சரி, அந்த ஒரு ஓட்டு யாரோடது? எல்லாரும் கை காட்டுறது கிரிதர் கமாங்கை. பிப்ரவரியிலேயே ஒடிசா முதலமைச்சர் ஆயிட்டார், ஆனா எம்.பி. பதவியை ராஜினாமா பண்ணலை. பழைய கம்பெனி லாகின் இன்னும் வேலை செய்யுது, உள்ள வந்து ஒரு கமிட் போட்டுட்டுப் போயிட்டார். சட்டப்படி தப்பில்ல. எம்.எல்.ஏ. ஆக அவருக்கு ஆறு மாசம் டைம் இருந்துச்சு. சபாநாயகர் பாலயோகியும் உங்க மனசாட்சிப்படி பண்ணுங்கன்னு விட்டுட்டார்.

ஆனா இதை டீபக் பண்ணிப் பாருங்க. கமாங் வரலைன்னா 269-269, டை. டை ஆனா சபாநாயகர் ஓட்டுப் போடணும். பாலயோகி தெலுங்கு தேசம், அந்தக் கட்சி வாஜ்பாய் பக்கம். இன்னொருத்தர் காஷ்மீரோட சைபுதீன் சோஸ். அவரோட தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிக்கச் சொல்லியும் எதிர்த்துப் போட்டார். அவர் மட்டும் கட்சி சொன்னபடி போட்டிருந்தா 270-269. சபாநாயகர் வரைக்கும் போகவே வேண்டாம். அதனால என் கணக்குல முதல் சஸ்பெக்ட் சோஸ்தான். கட்சி அவரை நீக்கிடுச்சு, ஆனா மீம் மெட்டீரியல் ஆனது என்னவோ கமாங்.

சிரிப்பு நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. சோனியாவால மாற்று ஆட்சி அமைக்க முடியலை, முலாயம் சிங் கைவிட்டுட்டார். ஏப்ரல் 26 மக்களவை கலைப்பு. மே மாசம் கார்கில் போர். நம்பிக்கை ஓட்டுல தோத்த ஒரு காபந்து அரசு, மக்களவையே இல்லாம, ஜூலை வரைக்கும் ஒரு போரை நடத்துச்சு. ஐந்நூத்துக்கும் மேல வீரர்கள் செத்துப் போனாங்க. அதைப் பத்திக் கேள்வி கேட்க உட்கார்ந்திருக்க வேண்டிய 500க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் அப்போ மாஜி எம்.பி.க்கள்.

அக்டோபர்ல வாஜ்பாய் திரும்ப ஜெயிச்சு வந்தார், இந்தத் தடவை திமுகவோட. கமாங் 2015ல பாஜகவுல சேர்ந்தார். ஆமா, அதே பாஜகதான். 2023ல சந்திரசேகர் ராவ் கட்சி, 2024ல திரும்ப காங்கிரஸ்.