கூலியும் குடிலும்

நாள்தோறும் விடியற்காலையில் களியக்காவிளை எல்லையைக் கடந்து நம் நகருக்கு வரும் பேருந்துகளில், கரணையும் தூக்குக்குண்டும் அடங்கிய பையோடு கன்னியாகுமரி மாவட்டத்துக் கொத்தனார்கள் அமர்ந்திருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவர்கள் அங்கே எழுப்பும் சுவருக்கும் இங்கே எழுப்பும் சுவருக்கும் வேறுபாடில்லை. கூலியில் மட்டும் வேறுபாடு உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் நாட்டுப்புறக் கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் சராசரி நாட்கூலி கேரளத்தில் ஏறத்தாழ 852 ரூபாய். தமிழ்நாட்டில் 501 ரூபாய். இந்தியா முழுமைக்கும் 393 ரூபாய். ஒரே கைத்திறனுக்கு இத்தனை விலைகள் எவ்வாறு அமைந்தன என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1776இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வினாவுக்கு விடை கூறியுள்ளார். அருவருப்பான வேலைக்கும், கற்பதற்கு அரிய வேலைக்கும், ஆண்டு முழுவதும் கிடைக்காத வேலைக்கும், நம்பிக்கை மிகுதியாக வேண்டும் வேலைக்கும் கூலி உயரும் என்பது அவர் கருத்து. இது பொருத்தமானதே. ஆயினும் நம் கொத்தனாரின் புதிருக்கு இது விடையாகாது. திருவிதாங்கூரின் வரலாற்றையே நாம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1855ஆம் ஆண்டு அரச விளம்பரம் ஒன்றினால் இந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மனிதனை விற்பதும் வாங்குவதும் நின்றன. ஆனால் விடுதலை பெற்றவனின் குடில் நின்ற மண் பழைய முதலாளியின் மண்ணாகவே இருந்தது. கூலி போதாது என்று வாய் திறந்தால் அன்றே குடிலைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். அத்தகையவன் எவ்வாறு பேரம் பேசுவான்?

பேசியவர்களும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் நகருக்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் அய்யங்காளியின் தலைமையில் உழவுத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறப்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. கூலி உயர்வும் உடன் கேட்கப்பட்டது. பட்டினி வந்தபோது விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தம் படகுகளில் சேர்த்துக்கொண்டனர் என்பர். நிலத்தின் பக்கம் கதவு அடைபட்டபோது கடலின் பக்கம் ஒரு கதவு திறந்தது. வேறு வேலைக்குப் போக வழியுள்ளவனுக்கே கூலியைப் பற்றிப் பேச நாவெழும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

1956 நவம்பர் 1 வரை நாகர்கோயிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்தன. எல்லை பிரிந்தபின் இப்பக்கத்தில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1970 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடியிருந்தவருக்கு ஊராட்சிப் பகுதிகளில் பத்து சென்ட் வரை குடிலடி மண்ணைச் சொந்தமாக்கிற்று. 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் கொத்தரும் தச்சரும் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரெங்கும் வீடுகள் எழும்பின, கட்டுவதற்கோ ஆளில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்களே நம் தமிழ்த் தொழிலாளர்கள். உள்ளூரானுக்கு ஒரு கூலி, வந்தவனுக்கு ஒரு கூலி என்னும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

சங்கத்தின் வலிமை அளவு மீறியதும் உண்டு. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் நம்மவருக்கு 'நோக்குக்கூலி' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சுமக்காத சுமைக்குக் கூலி வாங்கும் அவ்வழக்கத்தை 2018 மே மாதத்தில் அரசு தடை செய்தது. அதை நாம் குறைகூறுமுன் நம் முன்னோரையும் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று. 1891இல் மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, உயர்ந்த உத்தியோகங்களைப் பரதேசிகளே வகிக்கின்றனர் என்று மகாராஜாவிடம் முறையிட்டனர். அப்பரதேசிகள் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்களே. திறமையால் மட்டுமே அந்தச் சம்பளங்கள் கிடைத்தன என்று நாம் சாதிக்க முடியாது.

இனி, இதே கேரளத்தில் இதே தமிழருள் மற்றொரு சாராரைக் காண்போம். மூணாற்று மலைகளில் தேயிலை பறிப்போர், தலைமுறைகளுக்கு முன் கங்காணிகளால் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழியினர். 2015 செப்டம்பரில் அங்குள்ள பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். நாளொன்றுக்கு 21 கிலோ கொழுந்து பறித்தால் அப்போது கிடைத்த கூலி 232 ரூபாய். தங்கள் சங்கத் தலைவர்களையே அருகில் வரவிடாமல், 'பெண்கள் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் ஒன்பது நாள் போராடி, 20 விழுக்காடு போனசைப் பெற்றனர். கூலியை 500 ரூபாயாக்கக் கேட்டனர். அக்டோபரில் கிடைத்தது 301 ரூபாய்.

மாநிலம் ஒன்று, சட்டசபை ஒன்று, சங்கங்களும் அவையே. கட்டுமானக் கூலிக்கும் கொழுந்துக் கூலிக்கும் இடையே இத்தனை தூரம் ஏன்? தேயிலைக்கு உலகச் சந்தையில் விலையில்லை என்பது தோட்டத்தாரின் விடை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1970இன் சீர்திருத்தம் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்களித்ததை நாம் மறந்துவிடலாகாது. தொழிலாளி வாழும் லயத்து வீடு தோட்டத்துக்கே உரியது. வேலை போனால் வீடும் போகும். ஓய்வுபெற்ற தாய் அந்த ஓரறை வீட்டைக் காலி செய்யாதிருக்க வேண்டுமானால், படித்த மகளோ மருமகளோ அவள் இடத்தில் கூடையைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டியிருக்கிறது.