வழுக்கலை அளந்த வரலாறு

ஒருவர் தரையில் வழுக்கி விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று அவரையே கடிந்துகொள்வது உலக வழக்கம். குற்றம் காலினுடையதா, தரையினுடையதா என்று தீர்ப்பதற்கு நெடுங்காலமாக அளவுகோல் எதுவும் இருக்கவில்லை.

இத்தனைக்கும் உராய்வின் விதிகள் பழையவை. சுமை இருமடங்கானால் உராய்வும் இருமடங்காகும் என்று அமொந்தொன் 1699ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். அசையாதிருக்கும் பொருளைப் பெயர்க்க வேண்டிய விசை, நகரும் பொருளை இழுக்கும் விசையிலும் பெரும்பாலும் மிகுதி என்பதைக் கூலோம் ஆராய்ந்து, 1781இல் அக்கழகத்தின் பரிசைப் பெற்றார். ஆனால் அவர்கள் கருத்தெல்லாம் யந்திரங்களின் மீதே இருந்தது. நடந்து செல்லும் மனிதனை எவரும் எண்ணவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் என்பவர் ஒரு பொறியை அமைத்தார். 80 இறாத்தல் சுமையைத் தாங்கிய தண்டின் அடியில் சப்பாத்துத் தோல். தண்டைச் சிறிது சிறிதாகச் சாய்க்க, தோல் எப்பொழுது சறுக்குகிறது என்று பார்ப்பது. மெழுகிட்ட தளங்களுக்கு 0.5 என்னும் உராய்வுக் குணகம் எல்லையாயிற்று. உலர்ந்த தரைக்கு இது பொருந்தும். ஈரத் தரையிலோ, அசையாது நிற்கும் தோல் ஒட்டிக்கொண்டு, வழுக்கும் தரையையும் நல்ல தரையென்று பொய்ச்சான்று கூறிவிடும்! கூலோம் கண்ட வேற்றுமை இங்கேதான் பழிவாங்கிற்று.

நேயர்களே, நடப்பவர் வழுக்குவது பெரும்பாலும் குதிகால் முன்னே பதியும் கணத்தில். அப்பொழுது கால் இயக்கத்தில் இருக்கிறது. இடையிலுள்ள நீர் விலகி ஓட அவகாசம் இல்லை. இதை உணர்ந்த சிக்லர், 1940களில் அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தில் ஊசல் ஒன்றைச் செய்தார். குதிகால் போன்ற துண்டைத் தாங்கிய ஊசல் மேலிருந்து விழுந்து தரையை உரசிச் செல்லும். மறுபுறம் எவ்வளவு குறைவாக உயர்கிறதோ, அவ்வளவுக்குத் தரைக்குப் பிடிப்பு உண்டு. பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக்கூடம் இதனைத் திருத்தி வீதிகளை அளந்தது; பின்னர் அக்கருவி மீண்டும் வீட்டுத் தளங்களுக்கு வந்தது. இன்று பிரித்தானியாவில் ஊசல் காட்டும் எண் 36 அல்லது அதற்கு மேலாயின் ஆபத்துக் குறைவு. 25க்குக் கீழாயின் மிகுதி. உலர்ந்தபோது முதல் வகுப்பில் நிற்கும் பளபளப்பான ஓடு, நனைந்ததும் கடை வகுப்புக்கு இறங்கிவிடுவதுண்டு.

ஜெர்மானியர் வேறு வழி கண்டனர். எண்ணெய் பூசிய சாய்தளத்தில், பாதுகாப்புக் கயிறு பூட்டிய ஒருவர் சப்பாத்தணிந்து நடப்பார். வழுக்கும் வரை தளத்தைச் சாய்ப்பார்கள். அந்தக் கோணமே R9 முதல் R13 வரையிலான தரங்களைத் தருகிறது. R9 என்றதும் உயர்ந்த தரமென்று மயங்குவோர் பலர். அதுவே வரிசையின் கடைசித் தரம். குளியலறைத் தளத்துக்கோ இத்தரங்கள் போதா. அதற்கு வெறுங்காலுடன் சவர்க்கார நீரில் நடந்து பார்க்கும் தனிச் சோதனை உண்டு.