செண்பகனூருக்கு ஒரு ரயில் பட்டறை

செண்பகனூருக்கு ரயில் வந்ததே இல்லை. 'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது... மலைக்குக் கீழே, கொடைக்கானலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி! அந்தக் காலத்துத் துரைமார்கள் அங்கே இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் குலுங்கி, பெரியகுளம் பக்கத்து அடிவாரம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ மலையேறினார்கள். மோட்டார் ஓடுகிற மாதிரி மலைப்பாதை வந்தது 1910களில்தான். ஊட்டிக்கு 1908-லேயே ரயில் போய்விட்டது. பழனி மலைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால், உங்கள் வீட்டு மேஜை மேல் அந்த ரயிலை நீங்கள் ஓட்டலாம். யார் தடுப்பது? மாடல் ரயில் கட்டுகிறவர்களிடையே, இல்லாத பாதையை இருந்ததாக நினைத்துக் கட்டுவது ரொம்ப மரியாதையான வேலை. நம் ஊரில் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் குறைவு என்றாலும், இல்லாமல் இல்லை. புனேயில் பாவுசாகேப் ஜோஷி என்பவர் ஒரு முழு மினியேச்சர் நகரத்தையே கட்டி, 1998-ல் மியூசியமாகத் திறந்தார். உலகத்தில் அதிகம் புழங்கும் 'ஹெச்.ஓ.' அளவில், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜ் இதில் பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சுருங்கும். கடையில் கிடைக்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.

எல்லோரும் எஞ்சினை வாங்குகிறார்கள். பாலம், சுரங்கம், தேயிலைத் தோட்டம் எல்லாம் வைக்கிறார்கள். பட்டறையை மறந்துவிடுகிறார்கள்! மலையேறுகிற நீராவி எஞ்சின் சும்மா ஓடுமா? பல்சக்கரம் தேயும், பிரேக் கட்டை கரையும், பேரிங் சூடாகும். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஷேப்பர், சாணைக்கல் இதெல்லாம் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்றால், இவை ஓடுவது பெல்ட்டில்.

நீங்கள் பழைய ரைஸ் மில் பார்த்திருந்தால் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். ஒரு மூலையில் 'டுக்கு டுக்கு' என்று ஆயில் எஞ்சின். அதிலிருந்து ஒரு பட்டை பெல்ட் மேலே போய் நீளமான ஒரு ஷாஃப்ட்டைச் சுற்றும். ஷாஃப்ட்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி பெல்ட். ரயில் பட்டறையிலும் அதேதான். ஆயில் எஞ்சினுக்குப் பதில் நீராவி எஞ்சின்.

இதில் மூளையைக் கசக்கிய விஷயங்கள் நிறைய. பெல்ட் நழுவாமல் இருக்க புல்லியின் இரண்டு ஓரத்திலும் வரம்பு இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது! புல்லியின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும், அவ்வளவுதான். ஓடுகிற பெல்ட் எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும்; தானாக நடுவுக்கு வந்து நின்றுகொள்ளும். மெஷின் எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமா? பெல்ட்டை எட்டு வடிவத்தில் குறுக்கே போட்டால் போதும். மெஷினை நிறுத்த வேண்டுமா? எஞ்சினை நிறுத்த முடியாது. மற்ற இருபது மெஷின்களும் நின்றுவிடுமே. அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி: ஒன்று ஷாஃப்ட்டோடு இறுகியது, இன்னொன்று சும்மா சுழல்வது. ஒரு கோலால் பெல்ட்டை இதிலிருந்து அதற்குத் தள்ளினால் மெஷின் ஓய்வெடுக்கும்.

அமெரிக்காவில் லோவெல் நகரத்து நூற்பாலையில் பால் மூடி என்பவர் 1828-ல் தோல் பெல்ட்டைப் புகுத்தினார். அதற்கு முன்னால் பெரும்பாலும் பல்சக்கரங்கள்தான். சத்தம் காதைப் பிளக்கும். அப்புறம் நூறு வருஷம் பெல்ட்தான் ராஜா.

இப்போது நம் மேஜைக்கு வருவோம். நிஜத்தில் நாலு அங்குல அகல பெல்ட், உங்கள் மாடலில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இரண்டரை அங்குல ஷாஃப்ட் முக்கால் மில்லிமீட்டர் கம்பி. நிஜத் தோல் பெல்ட் தன் கனத்தாலேயே லேசாகத் தொய்ந்து, புல்லியை அணைத்துக்கொண்டு ஓடும். ஒரு மில்லிமீட்டர் பட்டைக்கு ஏது கனம்? விறைத்துக்கொண்டு நிற்கும். பொருளைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாதே! அதனால்தான் பலர் ஓடாத பெல்ட்டோடு திருப்தி அடைகிறார்கள். மெல்லிய காகிதப் பட்டையை டீ டிகாஷனில் தோய்த்து ஒட்டினால் பழைய தோல் நிறம் அப்படியே வரும். ஓடித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மெல்லிய ரப்பர் பட்டையைத் தேடுகிறார்கள், அல்லது அளவைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். ஜான் அஷவர் என்ற அமெரிக்கர் 16-ல் ஒரு பங்கு அளவில் செய்த குட்டி மெஷின்கள் வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சர் ஊரில், பழைய துப்பாக்கித் தொழிற்சாலையில் இயங்கும் மியூசியத்துக்குச் சொந்தம். குழந்தைகளுக்கும் இந்த ஆசையை ஊட்டிவிட்டார்கள். பர்மிங்ஹாமில் 1930களில் தொடங்கிய 'மாமோட்' கம்பெனி, பொம்மை நீராவி எஞ்சினோடு பொம்மை ஷாஃப்ட், சாணை, சுத்தியல் மெஷின் எல்லாம் விற்றது.

அழகுதான். ஆனால், பொம்மை பெல்ட் விரலைக் கடிக்காது.

நிஜ பெல்ட் கையைப் பிடுங்கும். வேட்டி நுனி, சட்டைக் கை, தலைமுடி... எது மாட்டினாலும் ஆளையே ஷாஃப்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். பி.காமில் தொழில் சட்டம் படித்தபோது எனக்குக் கொட்டாவி வரவழைத்த ஒரு பிரிவு உண்டு. 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு. ஓடுகிற மெஷினைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டுமென்றால், பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண் தொழிலாளிதான் தொட வேண்டும் என்றது அது. உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டிருக்க வேண்டியிருந்தது. அந்த உடுப்பை முதலாளியே வாங்கித் தர வேண்டியிருந்தது. ஓடும் புல்லியில் 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பெல்ட்டைக் கையாளக் கூடாது என்றும் இருந்தது. எத்தனை கைகள் போன பிறகு இந்த 15 சென்டிமீட்டர் கணக்கை எழுதியிருப்பார்கள் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

பெல்ட்டை ஒழித்தது கருணை அல்ல, கணக்கு. எஞ்சின் தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, ஷாஃப்ட்டையும் பெல்ட்டையும் சுற்றுவதிலேயே காலி. ஒரே ஒரு லேத் ஓட வேண்டுமென்றாலும் மொத்த ஷாஃப்ட்டும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வந்ததும் கதை மாறியது. உடனே மாறிவிடவில்லை. எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் திறந்தது 1882-ல். 1900 வாக்கில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்க சக்தியில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவிகிதத்துக்கும் கீழே! பாதியைத் தாண்ட 1920 வாக்கில் ஆனது. போட்ட ஷாஃப்ட்டைக் கழற்ற எந்த முதலாளிக்கு மனசு வரும்?

நம் பக்கத்துக் கதை இன்னும் சூடானது. தென்னிந்தியாவின் பழைய ரயில் பட்டறைகளில் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. 1861-ல் அங்கிருந்துதான் தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1920களின் கடைசியில் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் போன்ற பழைய பட்டறைகளின் வேலையைத் திருச்சிப் பொன்மலையில் கட்டிய புதிய பெரிய பட்டறைக்குக் குவித்தது. ஒரே இடம், சிக்கனம், குறைந்த ஆட்கள். 3,100 பேருக்கும் மேல் வேலையை இழப்பார்கள் என்றது கணக்கு. 1928 ஜூலையில் வெடித்தது வேலைநிறுத்தம். பெல்ட்டா மோட்டாரா என்பதல்ல சண்டை, சோறு. அந்த மாதக் கடைசியிலேயே அது அடக்கப்பட்டது. 68 வயசு சிங்காரவேலரும், முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5-ம் தேதி போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்தப் பட்டறைதான் 2010களில் ஊட்டி ரயிலுக்குப் புத்தம் புது நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும்! உங்கள் செண்பகனூர் ரயிலுக்கும் எஞ்சின் அங்கிருந்து வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

எனவே, மாடலைத் தொடங்கும் முன் வருஷத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். 1910 என்றால் கூரைக்குக் கீழே ஷாஃப்ட், தரையெல்லாம் எண்ணெய்க் கறை, சுவரோரம் பழைய பெல்ட் துண்டுகள். மெஷின்களை வெளிச்சத்துக்காக நகர்த்த முடியாது; ஷாஃப்ட் போகிற வரிசையில்தான் நிற்க வேண்டும். 1950 என்றால் பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை வைக்க மறக்காதீர்கள். கடைசியாக ஏணி மேல் எண்ணெய்க் குப்பியோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். ஐந்தரை அடி மனுஷன், 19 மில்லிமீட்டர் உயரம் வருவார். வருஷம் 1910 என்றால் அவருக்கு வேட்டியே கட்டிவிடுங்கள். நுனியை மட்டும் கொஞ்சம் இழுத்துச் செருகிவிடுங்கள்.