அரபு அரசியலில் சதிக் கோட்பாடுகள்: ஆய்வு விளக்கங்கள்

போர்த் தோல்வி, ஆட்சிக் கவிழ்ப்பு, மக்கள் கிளர்ச்சி ஆகியவற்றுக்கு அந்நிய அரசுகளும் உளவு அமைப்புகளும் திரைமறைவில் தீட்டிய திட்டமே காரணம் எனக் கூறும் சதிக் கோட்பாடுகள், அரபு நாடுகளின் அரசியல் பேச்சில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. அவை வேரூன்றியதற்கான காரணத்தை ஒரு சாரார் பண்பாட்டிலும் மனப்போக்கிலும் தேடினர். மற்றொரு சாரார் வரலாற்றிலும் ஆட்சிமுறையிலும் தேடினர்.

1967 ஜூன் அரபு-இஸ்ரேல் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் இஸ்ரேலுக்குத் துணைநின்று தாக்கியதாக எகிப்தும் ஜோர்தானும் ஆதாரமின்றி அறிவித்தன. தோல்விக்கான பழியைப் பிறர்மேல் சுமத்தும் இப்போக்கைச் சிரியச் சிந்தனையாளர் சாதிக் ஜலால் அல்-அஸ்ம் 1968இல் வெளியிட்ட தன்விமர்சன நூலில் சாடினார்.

1990களில் பண்பாட்டு விளக்கம் வலுப்பெற்றது. ஆய்வாளர்கள் மார்வின் சோனிஸ், கிரெய்க் ஜோசப் இருவரும் 1994இல் எழுதிய கட்டுரை, குழந்தை வளர்ப்பு உள்ளிட்ட சமூக வழக்கங்களோடு சதி நம்பிக்கையைத் தொடர்புபடுத்தியது. டேனியல் பைப்ஸ் 1996இல் வெளியிட்ட நூல், அந்நம்பிக்கையை மத்திய கிழக்கு அரசியலைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாகவே கருதியது. ஒரு நிலப்பகுதியின் மக்கள் அனைவருக்கும் ஒரே மனப்போக்கைச் சாற்றுவதாக இவ்வகை விளக்கங்கள் விமர்சிக்கப்பட்டன.

வரலாற்று விளக்கம், உண்மையாகவே நடந்த சதிகளைச் சுட்டுகிறது. அரபு நிலங்களைப் பங்கிட பிரிட்டனும் பிரான்சும் 1916இல் செய்த சைக்ஸ்-பிக்கோ இரகசிய உடன்பாட்டை, மறு ஆண்டு ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள் அம்பலப்படுத்தினர். எகிப்தின் மீதான 1956 சூயஸ் படையெடுப்புக்கு பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் செவ்ர் நகரில் இரகசியமாகத் திட்டமிட்டன. இத்தகைய அனுபவங்கள் பிற்காலச் சந்தேகங்களுக்கு நம்பகத்தன்மை அளித்தன. ஆயினும் எல்லாக் கோட்பாடுகளும் உள்ளூர் அனுபவத்தில் பிறந்தவையல்ல. யூதர்கள் உலகை ஆள முயல்வதாகக் கூறும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' ரஷ்யாவில் 1903இல் அச்சான போலி ஆவணம். அது 1920களில் அரபு மொழிக்கு வந்தது.

ஆய்வாளர் மேத்யூ கிரே 2010இல் வெளியிட்ட நூல் ஆட்சிமுறையை முன்னிறுத்தியது. அரசுக்கும் சமூகத்துக்கும் இடையிலான விரிசல், ஆட்சியாளர்களின் அங்கீகாரக் குறைவு, ஊடகங்களின் பங்கு ஆகியவற்றை அவர் இணைத்துப் பார்த்தார். தகவல் மறைக்கப்படும் சூழலில் மக்கள் தாமே விளக்கம் தேடுகின்றனர். அரசுகளும் தம் தவறுகளை மறைக்கச் சதிக் கதைகளைப் பரப்புகின்றன. 2011 மார்ச்சில் சிரிய அதிபர் பஷார் அல்-அசாத், நாட்டில் எழுந்த போராட்டங்களை அந்நியச் சதியாகச் சித்திரித்தது இதற்கு எடுத்துக்காட்டு.

மைக்கேல் பட்டர், மவுருஸ் ரெயின்கோவ்ஸ்கி தொகுத்த 2014ஆம் ஆண்டு நூல், அமெரிக்காவையும் மத்திய கிழக்கையும் ஒருங்கே ஆராய்ந்து, சதிக் கோட்பாடுகளை அரபு உலகின் தனிப் பண்பாகக் கருதும் பார்வையிலிருந்து விலகி ஒப்பீட்டு ஆய்வுக்கு வழிவகுத்தது.