நமது எழுத்தில் நமது பக்கச் சார்பு



ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாம் 1990 பற்றி எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு பழைய விவாதத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். மொழி, வழக்கங்கள் என்று ஆதாரங்களை அடுக்கினார். அப்போது அவர் சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் என்ற பேச்சும் எழுந்திருந்தது. மறுவருடமே, 1889 இல், முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார்.

1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். சோனகரின் அரபு மூலத்தை அவர் முன்னிறுத்தினார். அவரும் சோனகர் சங்கத்தின் தலைமையில் இருந்தவர்தான்.

இருவரையும் வாசிக்கும்போது நமக்கு என்ன நடக்கிறது? இராமநாதனின் அரசியல் உடனே கண்ணில் படுகிறது. அஸீஸ் எழுதியது வெறும் வரலாறாகத் தெரிகிறது. நமது சார்பு அங்கேதான் இருக்கிறது.

14 ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன், வரலாற்றில் பொய் நுழையும் காரணங்களைச் சொல்லும்போது, ஒரு கொள்கையின் மீதோ கூட்டத்தின் மீதோ உள்ள பற்றை முதலில் வைத்தார். அப்படிப் பற்றுள்ள மனம் தனக்குப் பிடித்த செய்தியை விசாரிக்காமலே ஏற்றுக்கொள்கிறது.

இனி 1990 க்கு வருவோம். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதை யாராவது "முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தார்கள்" என்று எழுதினால் நமக்கு வலிக்கிறது. செய்தவரை மறைக்கும் வசனம் அது.

அதே அளவுகோலை நமது வசனங்களுக்கும் வைப்போம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த கொலைகளை நாளும் இடமும் சொல்லி எழுதுகிறோம். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதை எழுதுகிறோமா? எழுதினாலும் "அசம்பாவிதம்" என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறோமா? நம் அயலூர்களான மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் அதே ஓகஸ்டில் இராணுவம் பிடித்துச் சென்ற இளைஞர்கள் பலர் திரும்பவேயில்லை. அந்தத் தாய்மாரின் கதைக்கு நமது பதிவில் இடமிருக்கிறதா?

இதைச் சொல்வது இரு பக்கத்தையும் சமப்படுத்துவதற்காக அல்ல. வெளியேற்றம் வெளியேற்றமே; அதில் ஒரு சொல்லையும் குறைக்கத் தேவையில்லை. ஆனால் மற்றவரின் இழப்பை விட்டுவிட்டு எழுதினால், நமது இழப்பையும் நமது ஆட்களைத் தவிர வேறு யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே எழுதியதைப் பதிவிடுமுன் மூன்று விடயம் பார்ப்போம். செய்தவர் யார் என்பதை இரு பக்கத்துக்கும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறோமா? நமக்குச் சாதகமான தகவலையும் பாதகமானதைப் போலவே விசாரித்தோமா? பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயாவோ அம்மாவோ இதை வாசித்தால் "நடந்தது இதுதான்" என்பார்களா?

மூன்றாவதுக்கு விடை தெரியாவிட்டால் அவர்களிடமே வாசித்துக் காட்டலாம். அந்தக் காலத்தைக் கண்ட மூத்தவர்கள் இரு பக்கத்திலும் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.